அக்கா தங்கச்சின்னு சொல்லிடலாமே

1

முதலில் ஒரு திருத்தம். நான் திருவண்ணாமலைக் கோயிலில் இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன் என்று மலேசியாவில், ஈப்போ கோயில் கமிட்டிக்காரர்களான உங்கள் கைப்பேசிகளில் ஒரு சேதி உலவுகிறது. அதில் மூன்று பிழைகள். அது கோயில் இல்லை. செங்கம் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில், மாடியில், தகரக் கூரை போட்ட ஒரு வழிபாட்டு மன்றம். நடந்தது கல்யாணம் இல்லை, திங்கட்கிழமைதோறும் நடக்கும் சங்கல்பம். செய்தவனும் நான் இல்லை, குருக்கள். இரண்டு பெண்கள் என்பது மட்டும் சரி.

சட்டப்படி இந்தியாவில் அப்படி ஒரு கல்யாணம் கிடையாது. இல்லாத ஒன்றை நடத்திவைக்கும் சாமர்த்தியம் எனக்கு இருந்திருந்தால் இலாகாவில் இன்னும் இரண்டு பதவி உயர்வு வாங்கியிருப்பேன்.

என்னை மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சங்கப் பதிவிலாகாவில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். கோயில் கமிட்டிகள், பாடைகட்டும் சங்கங்கள், மகளிர் மன்றங்கள் என்று நம்மவர்கள் ஆரம்பித்து, அடித்துக்கொண்டு, இரண்டாகப் பிரிந்து, இரண்டும் ஒரே பெயரைக் கேட்டு விண்ணப்பித்த கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போயின. மனைவி போன பிறகு இங்கே வந்தேன். எட்டு வருடம் ஆகிறது. முக்தி தேடி வந்தான் என்று சிலரும், மகன் விஷயத்தில் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தான் என்று சிலரும் சொல்வதாகக் கேள்வி. முழங்கால் வலிக்குச் சூடான, ஈரமில்லாத ஊர் நல்லது என்று மருத்துவர் சொன்னார். மற்றதெல்லாம் பிறகு சேர்ந்துகொண்டவை.

2

காலையில் மலையைப் பார்த்தபடி நடப்பேன். பிறகு தேவியின் மெஸ்ஸில் சாப்பிடுவேன். வந்த புதிதில் வாசலில் நின்று, நம் ஊர் வழக்கப்படி, “பசியாறலாமா?” என்று கேட்டேன். தேவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னா சார், ராத்திரியும் சாப்புடலையா?”

காலை உணவுக்குத்தான் எங்கள் ஊரில் பசியாறுவது என்று பெயர் என்று விளக்கினேன். “அப்போ மத்தியானம் சாப்புடறதுக்கு?” என்றாள். அதற்குச் சாப்பிடுவது என்றுதான் பெயர் என்றேன். “காலைல மட்டுந்தான் உங்க ஊர்ல பசிக்குமா?” என்று கேட்டுக்கொண்டே இரண்டு இட்லி ஜாஸ்தி வைத்தாள். நான் அதிகம், குறைவு என்று பேசிக்கொண்டிருந்தவன். ஜாஸ்தி, கம்மி என்று மாறியது அந்த மெஸ்ஸில்தான்.

தேவிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். செங்கத்துக்கு அப்பால் ஒரு கிராமம். அவளோடு இருப்பவள் மல்லிகா, போளூர்க்காரி. இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. தேவி வாய் ஓயாதவள். மல்லிகா ஒரு வாக்கியத்தை இரண்டு முறை யோசித்துவிட்டு மூன்றாவது முறை சொல்லாமல் விடுகிறவள். பதினோரு வருடமாக ஒரே வீடு, ஒரே அடுப்பு. என்னை மன்றத்துக்கு அழைத்துப்போனவர்களே அவர்கள்தான்.

மன்றத்துக்கு இரண்டு வேலை. பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் அன்னதானம். திங்கட்கிழமை மாலை கூட்டு வழிபாடு. வழிபாட்டின் முடிவில் குடும்ப சங்கல்பம் நடக்கும். நீங்கள் அறிந்த அர்ச்சனைதான், ஆனால் இங்கே அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பிறந்தநாள், பரீட்சை, ஆபரேஷன் என்று காரணம் உள்ள குடும்பம் எழுந்து முன்னால் போய்ச் சேர்ந்து நிற்கும். குருக்கள் ஒவ்வொருவர் பெயரையும் நட்சத்திரத்தையும் கோத்திரத்தையும் கேட்டு மந்திரத்தில் சேர்த்துச் சொல்வார். ஒரே தட்டில் தேங்காய், பழம், பூ. அந்தத் தட்டைக் குடும்பத்தார் அத்தனை பேரும் கைவைத்து வாங்க வேண்டும். பிறகு மன்றமே அந்தக் குடும்பத்துக்காக ஒரு பதிகத்தின் முதல் பாட்டைப் பாடும். குடும்பம் இல்லாதவர்களைக் கடைசியில் ‘தனி நபர்கள்’ என்று மொத்தமாக நிறுத்தி, ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். அவர்களுக்குத் தட்டு இல்லை, பாட்டும் இல்லை, விபூதி மட்டும்.

எனக்குத் தட்டு உண்டு. நான் தனி ஆள்தான், ஆனால் பிள்ளைகளின் பெயரைச் சொல்லலாம். கோலாலம்பூரில் இருக்கும் மகளுக்குத் தன் நட்சத்திரம் நினைவில்லை. அவள் பிள்ளைகளுக்குத் தமிழே நினைவில்லை. காணொளியில் என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, ஒரு நல்ல காரியம் முடிந்த நிம்மதியோடு விளையாடப் போய்விடுகிறார்கள். மெல்பர்னில் இருக்கும் மகன் அரவிந்தன் எந்தக் கோயிலுக்குள்ளும் காலெடுத்து வைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் கோயிலில் உங்கள் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவன் அவன். அவன் யாரோடு வாழ்கிறான் என்று தெரிந்ததும் கமிட்டி அவனைக் ‘கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ள’ச் சொன்னது. அவன் நன்றாகவே ஓய்வெடுத்துக்கொண்டான். நான் அன்று மாலையே கணக்காய்வாளர் பதவியிலிருந்து விலகிக் கடிதம் கொடுத்தேன். அது உங்கள் கோப்பில் இருக்கும்.

அவன் வாழ்வது டேவிட்டோடு. முதல் தடவை சங்கல்பத்தில் நின்றபோது மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், அரவிந்தன் என்று சொல்லி, டேவிட் என்றும் சொன்னேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். அவர் சற்றும் கலங்கவில்லை. பிறந்த நேரம் தெரியாதவர்களுக்குப் பெயரின் முதல் எழுத்தை வைத்து நட்சத்திரம் கொடுக்க ஒரு முறை இருக்கிறது. “டே... ஆயில்யம்” என்றார். கோத்திரம்? அதற்கும் வழி இருக்கிறது. தெரியாதவர்கள் எல்லோருக்கும் சிவ கோத்திரம். அன்றிலிருந்து மெல்பர்ன் டேவிட், சிவ கோத்திரம், ஆயில்ய நட்சத்திரம். ஒவ்வொரு வருடமும் மன்றம் அவனுக்காகவும் பாடுகிறது. டேவிட் யார் என்று வெகுநாள் வரை எவரும் கேட்கவில்லை.

3

வருடத்துக்கு ஒரு முறை நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஈப்போவுக்கு நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். அதற்காக வேங்கிக்கால் போவேன். கலெக்டர் அலுவலகத்தைச் சுற்றி, முத்திரை குத்துகிறவர்கள், நகல் எடுக்கிறவர்கள், இரண்டுக்கும் நடுவில் நின்று வழிகாட்டுகிறவர்கள் என்று ஒரு தனி ஊரே இருக்கிறது. ஒருமுறை என் வெளிநாட்டு இந்தியர் அட்டை விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, அங்கிருந்த இளைஞர் விவரம் பதிந்துகொண்டிருந்தார்.

“கூட யார் இருக்காங்க சார்?”

“தனியாகத்தான்.”

“பசங்க?”

“மெல்பர்ன், கோலாலம்பூர்.”

“ப்ரூப் இருக்குதா?”

பிள்ளைகள் பெற்றதற்கு அத்தாட்சி எடுத்துக்கொண்டு நான் மெஸ்ஸுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்டோ ஏறவில்லை. அவர் ‘குடும்பம்: இல்லை’ என்று தட்டிவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அரசாங்கம் என்றால் அத்தாட்சி கேட்கும். நானும் வாழ்நாளெல்லாம் கேட்டவன்தான். திரும்பி வரும்போது ஒன்று மட்டும் தோன்றியது. திங்கட்கிழமை அதே நான் வாயால் சொன்னால் போதும், கடல்கடந்த ஒரு பட்டாளமே எனக்குக் குடும்பம். சாமி அத்தாட்சி கேட்பதில்லை.

மன்றத்தின் செயற்குழு கேட்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

4

தேவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாவுக் குண்டானைத் தூக்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதய வால்வு என்றார்கள். சென்னையில் ஆபரேஷன். பிழைத்து வருபவர்கள்தான் ஜாஸ்தி, ஆனாலும் மார்பைத் திறக்கிற வேலை. நாள் குறித்த அன்று மெஸ்ஸில் என்னிடம் சொன்னாள்:

“போறதுக்கு முன்னாடி ஒரு தடவை சங்கல்பத்துல நிக்கணும் சார். நானும் மல்லிகாவும். இத்தன வருஷம் மத்தவங்களுக்குத் தட்டு அடுக்கிக் குடுத்தேன். நமக்குனு ஒரு தடவையும் வாங்கலை.”

“நான் தனி நபர் வரிசைலயே நின்னுக்கறேன்” என்றாள் மல்லிகா, தட்டைத் துடைத்தபடி. “எதுக்கு வம்பு.”

“நீ அங்க நிக்கறதுக்கா நான் இங்க நிக்கறேன்?”

தேவியே போய் மன்றத் தலைவரிடம் கேட்டாள். தலைவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கெட்டவர் இல்லை. இந்த மாதிரிக் கதைகளில் தலைவர்கள் கெட்டவர்களாக இருந்துவிட்டால் எவ்வளவோ சௌகரியம். தேவியின் ஆபரேஷன் செலவுக்கு முதலில் கவர் கொடுத்தவர் அவர்தான். அவள் கேட்டதைப் பொறுமையாகக் கேட்டார். யோசித்தார். பிறகு, அவளுக்கு ஓர் உபகாரம் செய்கிற முகத்தோடு சொன்னார்:

“அதுக்கென்னம்மா. அக்கா தங்கச்சின்னு சொல்லிடலாமே. ஒரே கோத்திரமா போட்டுடலாம். யாருக்கும் சங்கடம் இல்லை.”

எனக்கு இது பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஓர் அதிகாரி என்ற முறையில். கோப்பு மூடப்படுகிறது, மனுதாரருக்குத் தட்டு கிடைக்கிறது, யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இப்படிப்பட்ட தீர்வுகளில் ஊறிய ஆளுக்கே அதன் அழகு தெரியும். அவமானமும் தெரியும்.

தேவி மூச்சு வாங்க மன்றத்து மாடிப்படி இறங்கி, மெஸ்ஸுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“வீட்டு ஓனர்கிட்ட அக்கா தங்கச்சினு சொன்னோம். ரேஷன் கடையில சொன்னோம். கேஸ் கொண்டாறவன்கிட்டகூட சொன்னோம். ஒரு நாள் இவ பெரியவங்கிறேன், ஒரு நாள் நான் பெரியவங்கிறேன், அதுவே எனக்கு மறந்துபோவுது. நெஞ்சைத் திறந்துட்டுப் படுக்கப்போறேன் சார். திரும்பி வருவனோ வரமாட்டனோ. சாமிகிட்டயாவது சரியான அட்ரஸ் குடுத்துட்டுப் போவணும் இல்ல?”

மல்லிகா தேவிக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அந்த வாரம் இரண்டு பேரும் மன்றத்துக்கு வரவில்லை.

மன்றத்துச் சமையல் கட்டில் தேவியோடு பத்து வருடமாக மல்லுக்கட்டி வேலை செய்கிறவர் பச்சையம்மா. அடி அண்ணாமலையில் நிலமும் மாடும் உள்ள குடும்பம். மூத்த மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“அவ வரலைன்னா சாம்பாருக்கு யாரு பதம் பாக்கறது? தலைவரா?”

விஷயத்தைச் சொன்னேன். பச்சையம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

“அக்கா தங்கச்சி இல்லைன்னு இந்தத் தெருவுக்கே தெரியுமே சார். எந்த அக்கா தங்கச்சி பதினோரு வருஷம் சொத்துச் சண்டை இல்லாம இருந்துக்கீது?”

5

என்னை அந்த மன்றத்தில் ஆலோசகர் ஆக்கியிருக்கிறார்கள். விதிமுறைகளில் அப்படி ஒரு பதவி இல்லை. அதனால்தான் ஏற்றுக்கொண்டேன். இல்லாத பதவியிலிருந்து ஒருவரை நீக்க முடியாது.

செயற்குழுவைக் கூட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கூடினார்கள். தலைவர் உட்படப் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். பேச்சு நீளும் என்று தெரிந்து மோர் வாங்கி வைத்திருந்தார்கள்.

“நாம யாரையும் வெளிய போகச் சொல்லலையே சார்” என்று தலைவர் ஆரம்பித்தார். “வரட்டும், பாடட்டும், சமைக்கட்டும். நம்ம சாமியே பாதி அம்பாள். எனக்கு இதுல விரோதமே கிடையாது.”

எட்டு வருடத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இது. தீபத்தன்று மாலை, மலையில் சுடர் ஏறுவதற்குச் சற்று முன்னால், ஆணும் பெண்ணுமான சாமி ஆடியபடி வெளியே வருவார். ஆண்டுக்கு ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரம். அத்தனை கூட்டமும் அழும். தலைவரும் அழுவார், பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சாமிக்கு ஒரு நாள் வெளியே வர அனுமதி, மனிதர்களுக்குச் சமையல் கட்டுவரை அனுமதி. இதைத்தான் விரோதம் இல்லை என்கிறார்கள்.

“விரோதம் இல்லை என்றால் நிற்கட்டுமே” என்றேன்.

“குடும்பமா நிக்கறதுதான் சார்... சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்குது.”

“விதிமுறைகளில் குடும்பம் என்றால் என்ன என்று எங்கேயும் இல்லை. நான் மூன்று முறை படித்தேன்.”

“எழுதலைன்னா? எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே?”

“அப்படியென்றால் வழக்கத்தைப் பார்க்க வேண்டும். வழக்கத்தில் முன்னுதாரணம் இருக்கிறது. டேவிட், ஆயில்யம், சிவ கோத்திரம்.”

எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும். வருடா வருடம் பாடியிருக்கிறார்கள் அல்லவா.

“அவரு உங்க பேரன்தானே?” என்றார் உறுப்பினர் ஒருவர். வேங்கிக்கால் பக்கம் புது வீடு கட்டிக்கொண்டு போனவர். எல்லாக் கூட்டத்திலும் கடைசியாக வந்து முதலில் எதிர்ப்பவர்.

“மகன் அரவிந்தனோடு வாழ்கிறவர். தேவியும் மல்லிகாவும் எப்படியோ, அவர்களும் அப்படி.”

மோர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

“அப்போ இத்தன வருஷமா எங்களை ஏமாத்தினீங்களா?”

“நீங்கள் நட்சத்திரம் கேட்டீர்கள். கோத்திரம் கேட்டீர்கள். உறவைக் கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். இந்த வருடங்களில் மன்றத்துக்கு என்ன குறை வந்தது? தகரக் கூரைகூட ஒழுகவில்லை. மலை இருந்த இடத்தில் இருக்கிறது.”

தலைவர் மோர்க் குவளையை ஓரமாக நகர்த்தினார். பிறகு, இதைப் பொதுக்குழுவில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றார். நாங்கள் இலாகாவில் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தோம், அச்சில் வராது. பொதுக்குழு கூட்ட வேண்டுமானால் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, காத்திருந்து, கோரத்துக்கு வேண்டிய தலைகளைச் சேர்த்து... அதற்குள் தேவி ஆபரேஷன் மேசையில் இருப்பாள். அவருக்கும் அது தெரியும்.

எனவே நான் அவர்களுடைய விதிமுறைகளிலேயே ஒரு வரியைக் காட்டினேன். பூஜை சம்பந்தமான எல்லாமே குருக்களின் பொறுப்பு, செயற்குழு தலையிடக் கூடாது. சில வருடங்களுக்கு முன் நைவேத்தியப் பொங்கலில் மிளகு கம்மியா ஜாஸ்தியா என்று ஒரு பெரும் சண்டை வந்து, செயற்குழு தப்பித்துக்கொள்வதற்காகச் சேர்த்த வரி. தீர்மானத்தை முன்மொழிந்தவர் தலைவர்.

குருக்களை அலைபேசியில் அழைத்து ஒலிபெருக்கியில் போட்டோம். இளைஞர். எங்கோ வண்டியில் போய்க்கொண்டிருந்தார். தலைவர் சுற்றி வளைத்து விவரத்தைச் சொன்னார். பின்னால் பேருந்துகள் ஒலியெழுப்பின.

“எனக்குப் பேரு, நட்சத்திரம், கோத்திரம் மூணும் போறும்” என்றார் குருக்கள். “உறவு கேக்கற வழக்கமே எனக்குக் கிடையாது. ஒவ்வொருத்தர்கிட்டயும் உறவு விசாரிச்சிண்டு நின்னா அடுத்த பிரதோஷமே வந்துடும். எத்தன பேர் நிக்கறானு மட்டும் சொல்லுங்கோ, தேங்காய் அதுக்குத் தக்கபடி உடைக்கறேன்.”

தலைவர் போனை வைத்தார். “அப்போ செயற்குழுன்னு நாங்க எதுக்கு சார் இருக்கோம்?”

“அன்னதானத்துக்கு” என்றேன்.

அந்தப் பதில் தேவையில்லாதது என்று அன்றே சிலர் சொன்னார்கள். இருக்கலாம். சுவையாக இருந்தது.

6

அந்தத் திங்கட்கிழமை மன்றம் நிறைந்துவிட்டது. வழக்கமாக மழை வந்தால் வராதவர்கள், வெயில் அடித்தால் வராதவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தேவி படி ஏறிவரவே வெகுநேரம் ஆனது. மல்லிகா அவள் பையையும் தன் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். கதவருகே நின்றுவிட்டாள்.

“நீ மட்டும் போ” என்றாள் தாழ்ந்த குரலில். “நான் இங்கேருந்தே பாக்கறேன்.”

“ஆபரேஷன் எனக்கு. பயம் உனக்கா?”

இருவரும் முன்னால் போய் நின்றார்கள். சேர்ந்து. தேவி, கேட்டை என்று குருக்கள் மந்திரத்தில் சேர்த்தார். மல்லிகா, மகம். கோத்திரம் இருவருக்கும் தெரியவில்லை. இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. சிவ கோத்திரம் என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேங்கிக்கால் உறுப்பினர் என் காதருகே சாய்ந்தார்.

“பாருங்க, ஒரே கோத்திரம் ஆயிடுச்சு. இப்பவாவது அக்கா தங்கச்சினு வெச்சிக்கலாம்.”

“என் மகளும் மருமகனும்கூட இங்கே சிவ கோத்திரம்தான்” என்றேன். அவர் எழுந்தார். அவரோடு அவர் குடும்பம். அதைப் பார்த்து இன்னும் மூன்று குடும்பங்கள். குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, பைகளைத் தேடி எடுத்துக்கொண்டு, நடு வழியில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டிப் போனார்கள். இரும்புப் படிகளில் அவர்கள் இறங்கும் சத்தம் மந்திரத்தை மூடியது. குருக்கள் குரலை உயர்த்தவில்லை. நிறுத்தவும் இல்லை.

தட்டு வந்தது. தேவி ஒரு பக்கம் பிடித்தாள். மல்லிகா கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். குருக்கள் தட்டை விடவில்லை. “ரெண்டு பேரும் பிடிங்கோம்மா, கனம்” என்றார். மல்லிகா பிடித்தாள்.

அடுத்தது பாட்டு. எப்போதும் தலைவர்தான் எடுத்துக் கொடுப்பார். நல்ல சாரீரம் அவருக்கு. தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய் திறக்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தேவியும் மல்லிகாவும் தட்டைப் பிடித்தபடி நின்றார்கள். பாட்டு முடியாமல் குடும்பம் திரும்பி வரக் கூடாது என்பது முறை. தேவியின் தோள் ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. ஒரு மனுஷியை எவ்வளவு நேரம் இப்படி நிறுத்திவைக்கலாம் என்பதற்கு விதிமுறைகளில் வரம்பு இல்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து பச்சையம்மா ஆரம்பித்தார். அவர் இதுவரை எடுத்துக் கொடுத்ததில்லை. எடுத்துக் கொடுக்கவிடவும் மாட்டார்கள், காரணம் இருக்கிறது. யாராலும் எட்ட முடியாத சுருதியில் பிடித்தார். இரண்டாவது வரியில் ஒரு சிறுமி சேர்ந்தாள், பிறகு அவள் தாய், பிறகு பின் வரிசை. நான் பாடுவதில்லை என்று உங்களுக்குத் தெரியும். அன்று பாடினேன். சொல்லவே கூசுகிற அளவுக்குக் கோணலாக, மொத்த மன்றமும் ஒரு பாட்டை முழுதாகப் பாடி முடித்தது.

தலைவர் கடைசிவரை பாடவில்லை. பாதியிலிருந்து தாளம் மட்டும் போட்டார். பாட்டு தாளம் தப்பி ஓடியதைப் பொறுக்காமல் போட்டாரா, மனம் இளகிப் போட்டாரா என்று நான் கேட்கவில்லை.

7

போன குடும்பங்கள் வேங்கிக்காலில் தனி மன்றம் ஆரம்பித்துவிட்டன. நாங்கள் அன்னதானத்துக்குப் பயன்படுத்திய பெரிய அண்டா, தாங்கள் கொடுத்தது என்று எடுத்துப்போய்விட்டார்கள். அந்தப் பௌர்ணமிக்குச் சின்னக் குண்டான்களில் திரும்பத் திரும்பப் பொங்கினோம். கை ஒடிந்தது. தேவியின் பதம் இல்லாத சாம்பாரை அடியார்கள் கடவுளுக்குப் பயந்து சாப்பிட்டார்கள். உங்களுக்குச் சேதி அனுப்பியதும் அந்தக் குடும்பங்களில் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அவர்கள் உறவினர் ஒருவர் உங்களுக்குப் பக்கத்து ஊரான பத்து காஜாவில் இருக்கிறார்.

உங்களில் இரண்டு பேர் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். புண்ணிய பூமியில் போய் இப்படிக் குழப்பம் செய்யலாமா என்று ஒருவர். எல்லோரையும் அனுசரித்துப் போக வேண்டாமா என்று இன்னொருவர். எல்லோரையும் அனுசரித்துத்தான் கேட்கிறேன். எழுந்துபோன நான்கு குடும்பங்கள்தான் எல்லோரும் என்றால், நின்றுகொண்டிருந்த இரண்டு பேர் யார்? நம் நாட்டில் சட்டம் தடையாக இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாட்டு வகுப்பிலிருந்து என் மகனை அனுப்பியது எந்தச் சட்டமும் இல்லை. காப்பி குடித்துக்கொண்டே ஐந்து பேர் எடுத்த முடிவு. அதற்கு நடவடிக்கைக் குறிப்புகூட எழுதவில்லை, நான் தேடிப் பார்த்தேன். சட்டத்தை மாற்ற எனக்கு வயதில்லை. ஐந்து பேர் காப்பி குடித்துக்கொண்டே அனுப்பியவர்களை, ஐந்து பேர் காப்பி குடித்துக்கொண்டே திரும்ப அழைக்கலாம். அதற்குக் கோரம் உங்களிடம் இருக்கிறது. வருத்தம் தெரிவித்து எனக்கு எழுத வேண்டாம். அவனுக்கு எழுதுங்கள், டேவிட்டின் பெயரையும் சேர்த்து.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. சென்னை ஆஸ்பத்திரியில் உறவு என்ன என்று கேட்டபோது மல்லிகா ‘அக்கா’ என்றுதான் சொல்லியிருக்கிறாள். இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்களோ என்ற பயம். அதில் எனக்கு அதிகாரம் இல்லை. நான் ஒரு தகரக் கூரையின் கீழ் மட்டும் ஆலோசகன்.

ஆபரேஷன் முடிந்தது. நேற்று திங்கட்கிழமை. மாற்றுத் துணி எடுக்க ஊருக்கு வந்த மல்லிகா, பேருந்து ஏறுவதற்கு முன் மன்றத்துக்கு வந்தாள். தனியாக வந்து, எப்போதும்போலப் பின்னால், தனி நபர்கள் உட்காரும் பக்கமாக உட்கார்ந்தாள். பச்சையம்மா சமையல் கட்டிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தார். தேவியை அவர் பத்து வருடமாக வாடி போடி என்றுதான் கூப்பிடுவார். மன்றத்துக்கு வருகிற கல்யாணமான ஆண்களிடம் அவர்கள் மனைவியரைப் பற்றி வாரந்தோறும் கேட்கிற அதே குரலில், முன் வரிசையில் இருந்த தலைவருக்கும் கேட்கும்படி கேட்டார்:

“மல்லிகா, வீட்டுல எப்படிக் கீறாங்க?”

பதினோரு வருடத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

“ரூமுக்கு மாத்திட்டாங்கக்கா. கேன்டீன் இட்லி ரப்பராட்டம் இருக்குதுனு நர்ஸைத் திட்டறா.”

“திட்டறாளா? அப்போ பொழைச்சிக்குவா.”

குருக்கள் முன்னால் ஒரு பரீட்சைக் குடும்பத்தை முடித்து அனுப்பிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், “அடுத்த குடும்பம்” என்றார்.

மல்லிகா எழுந்து முன்னால் போனாள்.